ஓடும் தெருவுக்கு ஒரு செயின்

ஸ்கேல் அக்கா பிறந்த அன்று, நீளம் பார்ப்பதற்காக நர்ஸ் டேப்பை நீட்டினாளாம். குழந்தை அதன் மறுமுனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தொய்வாக அளந்தால் விடமாட்டேன் என்பதுபோல் முறைத்ததாம். இதைச் சொன்னது அவளுடைய அம்மா. அம்மாக்கள் பொய் சொல்வதில்லை. கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

அப்படிப் பிறந்தவள் வேறு எங்கே போவாள்? பிஸ்கட் கம்பெனிகளுக்கு உருளைப் பாதை செய்துகொடுக்கும் பட்டறையில் வரைபடப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தாள். உருளைப் பாதை என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இரும்பு உருளைகளை வரிசையாகப் படுக்கவைத்து, அவற்றைச் சுற்றவிட்டால், மேலே வைத்த தட்டு தானாக நகர்ந்து போகும். சுற்றவிடுவதில்தான் சூட்சுமம். ஒவ்வோர் உருளையின் ஓரத்திலும் பல்சக்கரங்கள் இருக்கும். ஒரு சிறிய செயின் முதல் உருளையை இரண்டாவதோடு கட்டும், அடுத்த செயின் இரண்டாவதை மூன்றாவதோடு கட்டும், இப்படியே கடைசிவரை போகும். ஒரு முனையில் மோட்டாரை வைத்தால் முதல் செயின் மொத்தக் குடும்பத்தின் பாரத்தையும் இழுக்கும்.

"மூத்த மருமக மாதிரி," என்பாள் ஸ்கேல் அக்கா. "முதல்ல அறுந்துபோறதும் அதுதான். மோட்டாரைத் தூக்கி நடுவுல வை. பாரம் ரெண்டு பக்கமும் பிரிஞ்சுடும்."

அவளே தன் வீட்டின் மூத்த மருமகள்தான் என்பதை இங்கே சொல்லிவைப்பது நல்லது.

அவள் வரைந்த பாதைகள் அத்தனை வழுவழுப்பு. அடுப்பு வாயில் தட்டின்மேல் ஏறிய எறும்பு ஒன்று, தான் நகர்ந்ததே தெரியாமல் மறுகோடியில் பெட்டிக்குள் அடைபட்டு, வேறு ஊரில் இறங்கி, அங்கேயே குடித்தனம் நடத்தியதாகப் பட்டறையில் பேச்சு உண்டு. ஒரு மேஸ்திரி மதிய நேரத்தில் பாதைமேலேயே கண்ணயர்ந்து, விழித்தபோது நெற்றியில் லேபிள் ஒட்டியிருந்ததாம். எறும்புக் கதையை நான் நம்புகிறேன். மேஸ்திரி கதையில் லேபிள் நெற்றியில்தான் ஒட்டியதா என்பதில் மட்டும் சந்தேகம்.

இன்னொன்று. செயினின் கண்ணிகளை அவள் எப்போதும் இரட்டைப்படையில்தான் வைப்பாள். புதிதாக வந்தவர்கள் ஏதோ ராசி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. செயினில் ஒரு கண்ணி உள்ளே, அடுத்தது வெளியே, மறுபடி உள்ளே என்றுதான் கோத்திருக்கும். ஒற்றைப்படையில் வந்தால் இரண்டு முனையும் ஒரே மாதிரியாக நின்று சேராது. நடுவில் கோணல் கண்ணி ஒன்றைச் செருக வேண்டும், அறுந்தால் அங்கேதான் அறும். ஆகவே கண்ணிக்குத் தகுந்தபடி உருளைகளை நகர்த்திவைப்பாள். ஓய்வு பெறும்வரை அவள் செயின் எதுவும் அறுந்ததில்லை.

அவளுக்கு வாய்த்த கணவர் போர்டு எழுதுகிறவர். தெருவிலுள்ள கடைகள், பள்ளிக்கூடம், பல் டாக்டர், எல்லாருடைய பெயரும் அவர் கைபட்டதுதான். பெரியவர்கள் முதல் பொடிசுகள்வரை அவருக்குப் போர்டு மாமா. அவர் பேச்சுக்கு முற்றுப்புள்ளி கிடையாது. சோப்பு வாங்கப் போனால் சோப்புக் கடைக்காரரின் மாமியார் சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு, சோப்பு வாங்காமல் வருவார்.

வேலையை விட்ட பிறகு அவர் வீட்டு மாடி அறையில் ஒரு துணியை விரித்து வரைய ஆரம்பித்தார். முரட்டு மில் துணி. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் அகலம். ஒரு துண்டு முடிந்தால் அடுத்த துண்டை ஒட்டுத் தைத்துக்கொண்டு மேலே வரைவார். வருஷங்கள் போயின. துணியில் ஒரு தெரு வளர்ந்துகொண்டே போனது. சுவர், கதவு, மாடிப்படி, டீக்கடை, முகம் மழிக்கும் கடை, காயப்போட்ட சட்டைகள், ஜன்னலில் தலை வாரும் பெண், தண்ணீர்க் குழாயடியில் பூனை. கடைகளுக்குப் போர்டும் உண்டு. ஆனால் எல்லாப் போர்டும் வெறுமையாக இருக்கும்.

"ஒரு பேராவது எழுதக் கூடாதா?" என்று கேட்டாள் ஸ்கேல் அக்கா.

"ஆயுசு முழுக்க அடுத்தவன் பேர் எழுதியாச்சு. இந்தத் தெருவுல ஒருத்தனும் என்னை எழுதச் சொல்லல. நிம்மதியா இருக்காங்க, விடு."

அந்தத் தெருவை முழுசாகப் பார்த்தவர் யாருமில்லை, அவர் உள்பட. விரித்துவைக்க வீட்டில் இடம் கிடையாது. மாடியில் விரித்தால் நுனி பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தில் போய் வரிசையில் நிற்கும்.

தபால்காரர் வந்தது இந்தச் சமயத்தில்தான். அவர்கள் குடியிருந்த தெருவின் வாசகசாலையில் ஒரு நாடகக் குழு உண்டு. தபால்காரர்தான் அதற்கு எழுத்தாளர், கதாநாயகன், டிக்கெட் கிழிப்பவர். பல வருஷம் கழித்து வீடு திரும்பும் ஒருவன், தன் தெருவில் நடந்துகொண்டே பேசுவதாக நாடகம் எழுதியிருந்தார்.

"அக்கா, மேடையில நான் நின்ன இடத்துலயே நடப்பேன். எனக்குப் பின்னால மாமாவோட தெரு ஓடணும். அப்படி ஒரு மிஷின் பண்ண முடியுமா?"

"நீங்க ஒழுங்கா நடப்பீங்களா?"

"அக்கா, என் வேலையே அதுதான்."

"அப்ப தெருவை நான் பாத்துக்கறேன்."

போர்டு மாமா கையில் பிரஷ்ஷோடு மாடிப்படியில் நின்றிருந்தார். தெருவை முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் உண்டு. ஆனாலும் முகத்தில் ஒரு கலவரம்.

"துணியைக் கிழிச்சுட மாட்டியே?" என்றார். "வேற எது போனாலும் மறுபடி எழுதிடுவேன். இதை மறுபடி வரைய எனக்கு வயசு இல்லம்மா."

"பிஸ்கட்டையே உடைக்காம கொண்டுபோனவ நான். துணியா கிழியும்?"

வாசகசாலைக் கூடத்தின் மேடையில் வேலை தொடங்கியது. மேடையின் இந்த ஓரத்தில் ஒரு மர உருளை நிமிர்ந்து நிற்கும், அந்த ஓரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் அடியிலும் உச்சியிலும் பேரிங். வலதுபக்க உருளையில் துணி முழுவதும் சுற்றியிருக்கும். இடதுபக்க உருளையைச் சுற்றினால் துணி அங்கே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், நடுவில் தெரு ஓடும். இடது ஓரத்தில் திரைக்கு மறைவாக ஒரு கைப்பிடி. கைப்பிடியில் சின்னப் பல்சக்கரம், உருளையில் பெரிய பல்சக்கரம், நடுவில் சைக்கிள் செயின். கையை அழுத்தாமல் நிதானமாகச் சுற்றலாம்.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஸ்கேல் அக்காவின் வாழ்நாளில் எந்த உருளையும் அநாதையாக நின்றதில்லை. எல்லா உருளையும் அடுத்த உருளையோடு செயினால் கட்டப்பட்டு, ஒரே வேகத்தில், ஒரே பக்கம் சுற்றும். அதுதான் ஒழுங்கு. ஆகவே இடது உருளையையும் வலது உருளையையும் மேடையின் முழு அகலத்துக்கும் ஒரு நீளச் செயின் போட்டு இணைத்தாள். உருளைகள் நிமிர்ந்து நிற்பதால் அந்தச் செயின் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஓட வேண்டும். அது நடுவில் தொங்கி, பல்லிலிருந்து நழுவும். அதற்காக மரத்தில் வாய்க்கால் போலக் குடைந்து, மெழுகு தேய்த்து, செயினை அதற்குள் ஓடவிட்டாள். கண்ணிகள் வழக்கம்போல இரட்டைப்படை. செயின் கொடுத்த சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்க்கவே கடையைப் பூட்டிவிட்டு வந்தார். படுத்துக்கொண்டே வேலை செய்கிற செயினை அவர் பார்த்ததில்லையாம். தன் மைத்துனனைத்தான் பார்த்திருக்கிறாராம்.

ஒத்திகை நாள் வந்தது. போர்டு மாமா கைப்பிடியைப் பிடித்தார், அதை வேறொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனமில்லை. தபால்காரர் மேடை நடுவில் நின்ற இடத்திலேயே நடந்தார். தெரு நகர்ந்தது. டீக்கடை வந்தது, போனது. ஜன்னல் பெண் தலையை வாரிக்கொண்டே கடந்துபோனாள்.

கொஞ்ச நேரத்தில் தெரு நடுவில் தொப்பை போட்டது. துணி தொய்ந்து, வீடுகள் தண்ணீரில் தெரிவதுபோல் நெளிந்தன.

"நிறுத்துங்க," என்று ஸ்கேல் அக்கா வந்து பார்த்தாள். பழைய துணி, நீண்டிருக்கிறது என்று முடிவுகட்டினாள். நீளச் செயினைப் பல்லிலிருந்து தூக்கி, இடது உருளையைச் சற்று முன்னால் திருப்பி, தொய்வை எடுத்துவிட்டு, மறுபடி மாட்டினாள். தெரு விறைப்பாக நின்றது. திரும்பச் சுற்றினார்கள். திரும்பத் தொப்பை. திரும்ப எடுத்தாள். இப்படிப் பாதித் துணிவரை போனது. பிறகு தொய்வு தானாகவே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா, பழகிடுச்சு," என்றாள்.

போர்டு மாமா சுற்றினார். முகம் மாறியது.

"இறுகுது."

"புது செயின். அப்படித்தான் இருக்கும். சுத்துங்க."

"ஏம்மா, நிஜமாவே இறுகுது."

"நான் கணக்குப் போட்டிருக்கேன். நீங்க சுத்துங்க."

மனைவியின் கணக்கு தப்பி அவர் பார்த்ததில்லை. உடம்பின் பாரத்தைக் கைப்பிடியில் போட்டு ஒரு சுற்று சுற்றினார்.

துணி கிழிகிற சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ நீளமாக மூக்கு உறிஞ்சியது போல இருந்தது. முகம் மழிக்கும் கடையில், நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் தாடையில் தொடங்கி, அடுத்த வீட்டு மாடிப்படிவரை தெரு மேலிருந்து கீழாகச் சாய்வாகப் பிளந்தது. தபால்காரர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் இன்னும் நடந்துகொண்டிருந்தார்.

போர்டு மாமா கைப்பிடியை விட்டார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. துணியை இரண்டு உருளையிலிருந்தும் கழற்றி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். வழியில் சோப்புக் கடைக்காரர் கூப்பிட்டதற்குக்கூடப் பதில் இல்லை. வீட்டில் அதைத் தன் மெத்தைக்கு அடியில் வைத்து மேலே படுத்துக்கொண்டார். மெத்தை அன்றிலிருந்து அத்தனை உயரம், ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. மின்விசிறியைப் போட்டால் மூக்கு போய்விடும் என்று வியர்வையிலேயே கிடந்தார்.

அவர் பேசாமல் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. ஸ்கேல் அக்கா சமைத்ததை வைத்தாள், சாப்பிட்டார். உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள், அதையும் சாப்பிட்டார். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

போர்டு மாமாவின் தங்கை பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். சேதி கேட்டு வந்தாள்.

"அண்ணி, அண்ணா பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. சின்ன வயசுல தொண்டை கட்டினப்ப, கையால பேசிப் பேசிக் கையும் சுளுக்கிக்கிட்டாரு. என்ன பண்ணீங்க?"

"இறுகுதுன்னு சொன்னாரு. நான் கேக்கல."

"துணியைக் கொண்டுவாங்க. தைச்சாவது தரேன்."

துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு அவர் சம்மதித்தார், அதாவது மறுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் காவல்காரர் போல உட்கார்ந்தார். ஸ்கேல் அக்கா கதவோரத்தில் நின்றாள். வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

தங்கை முதலில் பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தாள். மேலே கம்பியில் நூற்கண்டு. அதிலிருந்து நூல் இரண்டு சிறு வட்டத் தகடுகளுக்கு நடுவே நசுங்கி வந்து, பாபினில் ஏறியது. மிதிக்க மிதிக்க பாபின் சுழன்றது. மெலிந்திருந்த பாபின் கண்ணெதிரே உப்பியது. நூற்கண்டை யாரும் சுற்றவில்லை. நூல் இழுத்த இழுப்புக்குத் தகுந்தபடி, ஒருசமயம் சோம்பலாகவும் ஒருசமயம் துள்ளலாகவும், அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்கேல் அக்கா கிட்டே வந்து குனிந்தாள்.

"வெளிச்சத்தை மறைக்கறீங்க, அண்ணி. என்ன பாக்கறீங்க?"

"பாபின் பருக்குது."

"நூல் சுத்தினா பருக்காம? மெலியவா செய்யும்?"

"என் வேலையில எந்த ரோலரும் பருத்ததே இல்ல," என்றாள் ஸ்கேல் அக்கா. அவள் குரல் இறங்கிவிட்டது. "பிஸ்கட் மேல போகும், இறங்கிப் போயிடும். ரோலர் அப்படியே இருக்கும். இங்க துணி ரோலர்லயே தங்குது. முதல்ல அந்தப் பக்கம் குண்டு, இந்தப் பக்கம் ஒல்லி. ஒரு சுத்துக்கு அது நிறைய விட்டுச்சு, இது கொஞ்சமா வாங்குச்சு. அதான் தொய்ஞ்சுது. பாதிக்கு மேல இது குண்டாயிடுச்சு. அது விடறதைவிட இது அதிகமா இழுத்துச்சு. ரெண்டையும் ஒரே வேகத்துல கட்டிப்போட்டேனே, துணி என்ன பண்ணும்? ரோலர் பருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

 பிறகு காவல்காரர் வாயைத் திறந்தார்.

"நான் பருக்கறது மட்டும் தினம் மூணு வேளையும் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

தங்கை சிரித்த சிரிப்பில் ஊசி கோணல் தையல் போட்டது. அதைப் பிரித்து மறுபடி தைத்தார்கள். போர்டு மாமா பேச ஆரம்பித்துவிட்டார், சந்தோஷம்தான். ஆனால் தைத்து முடிந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டதும் ஒரே பேச்சு.

"புரிஞ்சுது, சரி. ஆனா துணி மேடைக்கு வராது."

ஸ்கேல் அக்கா வாதாடவில்லை. கூடத்துக்குப் போய் நீளச் செயினைக் கழற்றினாள். அவள் செய்ததிலேயே அழகான செயின் அது. மெழுகு பூசிய வாய்க்காலோடு பிரித்தெடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். சைக்கிள் கடைக்காரர் துக்கம் விசாரிக்கிறவர் போல வந்து நின்றுவிட்டுப் போனார். இப்போது கைப்பிடிக்கும் இடது உருளைக்கும் நடுவே சின்னச் செயின் மட்டும் மிச்சம். வலது உருளையைத் தையல்காரியின் நூற்கண்டு போலச் சும்மா விட்டாள். முழுக்கச் சும்மா விட்டால் சரசரவென்று அவிழ்ந்து கொட்டும். கொஞ்சம் பிடித்துவைக்க வேண்டும். உருளையின் அடிப்பக்கத்தில் ஒரு தோல் பெல்ட்டைச் சுற்றி, ஒரு நுனியைக் கொக்கியில் மாட்டி, மேடை விளிம்பைத் தாண்டிய மறுநுனியில் பெயின்ட் டப்பா ஒன்றைத் தொங்கவிட்டாள். பெல்ட் போர்டு மாமாவுடையது. அவர் இடுப்பைச் சுற்றிவர அதற்குத் தெம்பு போய் ரொம்ப நாளாகிவிட்டது.

வெள்ளோட்டத்துக்குத் துணி வேண்டுமே. வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகள் எல்லாம் போயின. தங்கை கடையில் மிஞ்சிய துண்டுகள், தபால்காரர் வீட்டு ஜன்னல் திரைகள், எல்லாம் ஒட்டுத் தைக்கப்பட்டன. அந்த வாரம் தெருவில் பாதிப்பேர் வெறும் மெத்தையில் படுத்தார்கள். தபால்காரரின் வீட்டுக்குள் என்ன சமையல், யாரோடு சண்டை என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது.

விரிப்புகள் ஓடின. பூப்போட்டது போனது, கட்டம் போட்டது வந்தது. தொய்வில்லை, இறுக்கமில்லை. பாதி தாண்டி, கடைசி நுனிவரை ஓடின. கூடத்தின் பின்வரிசையில் யாருக்கும் தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்த போர்டு மாமா எழுந்து வந்தார்.

"இன்னொரு தடவை. நான் சுத்தறேன்."

சுற்றினார். பாதிக்கு மேல் விரிப்புகள் பறந்தன.

"கடைசில ஓடுதே?"

"இந்தப் பக்கம் பருத்துப்போச்சுல்ல. ஒரு சுத்துக்கு நிறையத் துணி வரும்."

"அப்ப போகப்போக நான் மெதுவாச் சுத்தணுமா?"

அந்த 'நான்' காதில் விழுந்ததும் ஸ்கேல் அக்காவுக்கு மூச்சு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், ஆமாம் என்றாள்.

"ஒரு நிபந்தனை. இறுகுதுன்னு சொன்னா நீ கேக்கணும்."

"நீங்க அந்த ஓரம், நான் இந்த ஓரம் டப்பா பக்கத்துல. நடுவுல நாடகம் நடக்கும். எப்படிச் சொல்வீங்க?"

அவர் யோசித்தார். 

"சொல்ல வேணாம்," என்றாள் அவள். "இறுகினா நிறுத்திடுங்க. என்னைக் கேக்காதீங்க."

நாடகத்தன்று கூடம் நிரம்பியது. திரை விலகியதும் தபால்காரர் நடக்க ஆரம்பித்தார், தெருவும் நடக்க ஆரம்பித்தது. கூட்டத்தில் பேச்சு அடங்கியது. அத்தனை வருஷம் மடிப்பிலேயே கிடந்த தெரு, ஒவ்வொரு கதவாக வெளிச்சத்துக்கு வந்தது. போர்டு மாமா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தார். தான் வரைந்ததை மறந்துபோன இடங்களும் இருந்தன போலும், ஒரு பூனையைப் பார்த்துத் தலையாட்டினார்.

தைத்த இடம் வந்தது. முகம் மழித்துக்கொண்டவர் தாடையில் தையலோடு கடந்துபோனார். பின்பாதி தொடங்கியது. ஸ்கேல் அக்கா பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் சூடேறிக்கொண்டிருந்தது. சூடான தோல் மரத்தில் ஒட்டும் என்பது வெள்ளோட்டத்தில் தெரியவில்லை. அன்று கூட்டமில்லை, இந்தப் புழுக்கமும் இல்லை. உருளை ஒருமுறை முனகியது. துணி விறைத்து, தையலுக்கு அடுத்த வீட்டுச் சுவரில் ஒரு சுருக்கம் ஓடியது.

தெரு நின்றது.

அவர் நிறுத்திவிட்டார். ஒரு சுற்றுகூட அதிகமாகச் சுற்றவில்லை.

தபால்காரரும் வேறு வழியில்லாமல் நின்றார். நடக்கிறவனின் தெரு நின்றுவிட்டால் அவன் என்ன செய்வான்? ஒரு கதவைப் பார்த்து, "இந்த வீட்டுல இருந்தவங்க எனக்குக் கடிதமே போட்டதில்ல," என்று சொந்தமாக எதையோ எடுத்துவிட்டார். தபால்காரர் அல்லவா, அந்தத் துறையில் அவருக்கு விஷயம் நிறைய. கூட்டம் சாய்ந்து உட்கார்ந்து கேட்டது.

ஸ்கேல் அக்கா டப்பாவைத் தூக்கி இறக்கி, பெல்ட்டை உருவி எறிந்தாள். இனி உருளையைப் பிடிக்க என்ன இருக்கிறது? இரண்டு உள்ளங்கைகளையும் உருளையின்மேல் வைத்தாள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு அவளிடம் எந்தக் கணக்கும் இல்லை. சரியாகிவிட்டது என்று அந்த ஓரத்துக்கு எப்படிச் சொல்வது? உருளையை ஒரு விரற்கடை முன்னால் தள்ளிவிட்டாள். துணியில் ஒரு சிறு தொய்வு எழுந்து, வீடுகளை மெல்ல அசைத்துக்கொண்டு, தபால்காரரின் முதுகுக்குப் பின்னால் மேடையைக் கடந்து போனது. அடுத்த கணம் உள்ளங்கைக்குக் கீழே மரம் நகர்ந்தது. அவர் மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தார்.

அதன்பிறகு அவள் எதையும் பார்க்கவில்லை. கையிலேயே தெரிந்தது. அவர் தயங்கினால் தெரிந்தது, தைரியமானால் தெரிந்தது. போகப்போக மெதுவாகச் சுற்றச் சொன்னதை அவர் மறக்கவில்லை என்பதும் தெரிந்தது. உருளை மெலிந்துகொண்டே வந்தது. கடைசிச் சுற்றும் அவிழ்ந்து, அடியில் வெறும் மரமும், நுனித் துணியை அடித்திருந்த ஆணிகளும் தென்பட்டன. இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் ஆணியோடு துணியும் பிய்ந்துவிடும். அவள் உருளையை மெல்ல இறுக்கினாள். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு கெட்டியாக.

மறு ஓரத்தில் கைப்பிடி நின்றது.

தெருவின் கடைசி வீடு மேடை நடுவில் வந்து நின்றது. அதன் கதவு பாதி திறந்திருந்தது. தபால்காரர் அங்கே பேச்சை முடிக்க வேண்டும். ஆனால் சொந்தமாகப் பேசிய ருசியை விட மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்று பேசினார். யாருக்கும் அது அலுக்கவில்லை. இதில் நான் ஒரு சொல்லும் நீட்டவில்லை.

திரை மூடி, கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு கலைந்த பிறகு, போர்டு மாமா மேடையைக் கடந்து வலது ஓரத்துக்கு வந்தார். துணியை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். ஆணிகளைப் பார்த்தார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். இரண்டும் மிளகாய்ப்பழம்போல் சிவந்திருந்தன.

"கிழியல," என்றார்.

"இல்ல."

"கடைசில பிடிச்சுது பெல்ட்டா, நீயா?"

"நான்தான்."

"நினைச்சேன். பெல்ட்டுன்னா வெடுக்குன்னு பிடிச்சிருக்கும்."

 அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தான் விட்டுவந்த இடது உருளையைத் திரும்பிப் பார்த்தார்.

"கைப்பிடியையும் செயினையும் கழட்டி இந்தப் பக்கம் மாட்டு. தெருவை ஆரம்பத்துக்குக் கொண்டுபோகணும்ல. அந்தப் பக்கம் போய் நான் ரோலரைப் பிடிச்சுக்கறேன், நீ இங்கிருந்து சுத்து."

"மெதுவாச் சுத்தணுமா?"

"உன் இஷ்டம். இறுகினா நிறுத்திடு. என்னைக் கேக்காத."